சோலர் பெட்டிக்குத் தைத்த சட்டை

குறிஞ்சிப்பிட்டியில் மீராசாஹிபின் சிங்களத்துக்கு இருந்த மரியாதை அவருடைய கருவாட்டுக்குக்கூட இருந்ததில்லை. கருவாட்டில் சிலவேளை மணல் இருக்கும், சிலவேளை புழு இருக்கும், வாங்கியவர்கள் திரும்பி வந்து ஏசுவார்கள். சிங்களத்தில் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்க ஊரில் ஆளில்லை.

நன்றாகச் சிங்களம் தெரிந்த பொடியன்கள் கொழும்பிலும் கட்டாரிலும் இருந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்களுக்கு எதற்கெடுத்தாலும் “ஹரி ஹரி”, அதாவது சரி சரி, என்று தலையாட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், யுத்தம் முடிந்து றோட்டெல்லாம் திறந்தபிறகு கடற்கரையில் ஹோட்டல் கட்ட இடம் தேடி ஆள் வந்தாலும், “மீராசாஹிப் நாநாவக் கூப்பிடுங்க” என்பார்கள். அவர் சாரத்துக்கு மேல் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, குரலை இரண்டு பங்கு உயர்த்திக்கொண்டு வருவார்.

அவருடைய சிங்களம் கொழும்பு மொத்தச் சந்தையில் பிறந்தது. இளந்தாரி வயதில் மீன் லொறியோடு போய்ப் போய்ப் பழகியது. மீன், எடை, ஏச்சு ஆகிய மூன்றிலும் அது கரை கண்டது. மற்ற விஷயங்களில் அது கரையிலேயே நின்று கையை மட்டும் ஆட்டியது. விளங்காத சொல் வந்தால் மீராசாஹிப் இன்னும் பலமாகத் தலையாட்டுவார். பிறகு ஊராரின் பக்கம் திரும்பி, அந்த ஆள் என்ன சொல்லியிருந்தால் நன்றாயிருக்குமோ அதைச் சொல்லிவிடுவார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது தலைமுறை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதர் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் தெரியாத சொல் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது, இன்றைக்கு அகப்பட்டுவிடுவோம் என்று நினைப்பார். “வெளங்கல்ல” என்ற ஒரு சொல்லைச் சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்ன மறுநாள் அவர் வெறும் கருவாட்டுக்காரர். அந்த நினைப்பே அவருக்குப் பொறுக்கவில்லை.

எண்ணெய்க்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் கழிந்த கையோடு மீராசாஹிப் வீட்டுக்கு சோலர் போட்டார். போட்ட அன்று அவருடைய மனைவி அஸீஸா வீட்டில் இல்லை. கனமூலையில் தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்து, பார்க்கப் போயிருந்தாள். கம்பனி வாகனத்தில் இரண்டு பேர் வந்தார்கள். வரும்போதே தங்களுக்குள் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் இறங்குமுன்னரே மீராசாஹிப் கேட்டுக்கு ஓடிப்போய், “என்ன மல்லி, என்ன, வாடிவென்ன” என்று வரவேற்றார். தம்பி வாங்க, உட்காருங்க என்று பொருள். தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள். அந்த வரவேற்போடு அன்றைய நாளின் பாஷை முடிவாகிவிட்டது.

பொறுப்பாக வந்தவன் மெலிந்த, கறுத்த, நிதானமான பொடியன். கூரையில் தகடுகளை ஏற்றி, வயர் இழுத்து, உப்புநீர்க் களப்பைப் பார்த்த விறாந்தைச் சுவரில் பெரிய பெட்டியைப் பொருத்தினான். தகட்டில் பிறக்கும் கரண்டை வீட்டுக்கேற்ற கரண்டாக மாற்றுவது அது. பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி ஒன்று. எல்லாம் முடிந்தபின் மீராசாஹிபைக் கூப்பிட்டு நிறுத்தி, சிங்களத்தில் விளக்கம் சொன்னான்.

லைன் கரண்ட் போனால் இதுவும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் போஸ்டில் ஏறி வேலை செய்கிறவர்கள் அடிபட்டுச் செத்துப்போவார்கள் என்றான். மீராசாஹிபுக்கு ‘லைன்’ விளங்கியது, ‘செத்துப்போவார்கள்’ விளங்கியது. ஹரி ஹரி என்றார். வெயில் இருக்குமட்டும் கூரையிலிருந்து வரும் வயரைத் தொடக் கூடாது என்றான். வெயில் விளங்கியது. ஹரி ஹரி. கடைசியாகச் சின்னப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டி, “கின்னக் ஆவொத் முலின்ம மேக்க வஹன்ன” என்றான்.

மீராசாஹிபின் முகம் மலர்ந்தது. முழு வசனமும் விளங்கிவிட்டது. நெருப்பு வந்தால் முதலில் இதை வஹன்ன. வஹன்ன அவருடைய சொந்தச் சொல். சந்தையில் வெயில் ஏறியதும் லொறிக்காரன் கத்துவான், “பெட்டிய வஹன்ன!” உடனே ஓடிப்போய் மீன் பெட்டிகளைச் சாக்கால் மூட வேண்டும். வஹன்ன என்றால் மூடுவது. அதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கதவை மூடுவதும் வஹன்னதான், சட்டியை மூடுவதும் வஹன்னதான், சுவிட்சை நூர்ப்பதும், அதாவது அணைப்பதும், வஹன்னதான். லைட்டை நூர், ஃபேனை நூர் என்று நாம் சொல்வதையெல்லாம் சிங்களவர்கள் அந்த ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மீன் சந்தையில் சுவிட்ச் இல்லாதபடியால் மீராசாஹிபுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை.

அன்று இரவு அஸீஸா திரும்பி வந்ததும், “பெட்டிக்கு மூடி வேணுமாம்” என்றார்.

“ஆரு சென்ன?”

“கம்பனிக்காரப் பொடியன் சென்னான். நெருப்பு வந்தா மூடட்டாம். வந்தாப்பொறகு என்னத்த மூடுற? நாங்க இப்பவே மூடிவெப்பம்.”

வருமுன் காப்பவர் என்ற நினைப்பில் அவர் இதைச் சொன்னபோது அஸீஸாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூடுவது அவளுக்குப் பிடித்த வேலை. அந்த வீட்டில் டீவிக்குச் சட்டை இருந்தது, தையல் மெஷினுக்குச் சட்டை இருந்தது, றிமோட்டுக்குப் பொலித்தீன் உறை இருந்தது, பிரிஜ்ஜின் கைப்பிடிக்குப் பூப்போட்ட கையுறை இருந்தது. சட்டை போடாமல் திரிந்தது மீராசாஹிப் மட்டும்தான். மகளின் கலியாண மணவறைக்கு வாங்கி மிஞ்சிய மெரூன் வெல்வெட் அலுமாரியில் கிடந்தது. அதில் பெரிய பெட்டிக்கு ஒரு சட்டை தைத்தாள், கீழே சுருக்கு வைத்து, சரிகை பிடித்து. சின்னப் பெட்டிக்கு ஒரு தொப்பி. போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெட்டிக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியின் முதுகில் காற்று ஓடினால்தான் அதன் சூடு தணியும். காற்றை வெல்வெட் மறித்தது. களப்பிலிருந்து வந்த உப்பீரத்தை அதே வெல்வெட் குடித்துக் குடித்து வைத்துக்கொண்டது. ஒருநாள் தூசு தட்டப் போன அஸீஸா கையை இழுத்துக்கொண்டாள்.

“இங்க பாருங்க, பெட்டி காய்ச்சக்காரன்ட நெத்தி மாதிரி சுடுது.”

“சோலர்ண்டா வெயில். வெயில்ண்டா சுடும்தானே” என்றார் மீராசாஹிப்.

கரண்ட் போகும்போது ஊரோடு சேர்ந்து அவர் வீடும் இருளும். சோலர் போட்டும் இருட்டா என்று கேட்டவர்களுக்கு, “அதுக்கும் ஓய்வு குடுக்கோணுமாம், இல்லாட்டி செத்துப்போகுமாம்” என்று விளக்கம் சொன்னார். கேட்டவர்கள் பெட்டியை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில் பள்ளிவாசலுக்கும் சோலர் போடுவதென்று நிர்வாக சபை பேசியது. தலைவர் ஹமீட் ஹாஜியார். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புகிற மனிதர், கத்தரிக்காயிலிருந்து மருமகன்வரை. அவர் மீராசாஹிபை வழியில் நிறுத்திச் சொன்னார்.

“கம்பனியோட கதைக்க, வேல பாக்க, பள்ளி சார்பா ஒரு ஆள் நிக்கோணும். உங்களத்தான் நெனச்சீக்கம். ஜும்ஆ முடிய உங்கட ஊட்டுக்கு வந்து ஒருக்காப் பாத்துட்டு முடிவு செய்வம்.”

மீராசாஹிபுக்கு அந்த ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. பள்ளி சார்பாக ஒரு ஆள். பள்ளி முற்றத்தில், எல்லாரும் பார்க்க, கம்பனிக்காரர்களோடு சிங்களத்தில். இத்தனை வருஷம் பயந்ததற்கெல்லாம் அதுதான் கூலி என்று அவருக்குப் பட்டது. அதை எவ்வளவு ஆசைப்பட்டாரென்று அஸீஸாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் சட்டையைக் கழற்றித் துவைக்கச் சொன்னார். அவளும் துவைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சரியாகக் காயாமலே திரும்பப் போட்டுவிட்டாள்.

ஜும்ஆ முடிந்து ஹமீட் ஹாஜியாரும் சபைக்காரர்களும் வந்தார்கள். அஸீஸா விறாந்தையில் பாய் விரித்து, பலர் சுற்றியிருந்து உண்ணும் ஸஹன் தட்டுகளை வைத்திருந்தாள். நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் கத்தரிக்காய்ப் பஜ்ஜியும். வெளியே உச்சி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகடுகள் வயிறு முட்டக் குடித்து, குடித்ததையெல்லாம் கீழே பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

இரண்டாம் தடவை சோறு போடும்போது ஹமீட் ஹாஜியார் மூக்கை உறிஞ்சினார்.

“அடிப்பிடிச்ச மணம் ஒண்டு வருது.”

“ஏன்ட சோறு அடிப்பிடிக்கிறல்ல” என்றாள் அஸீஸா கதவுக்குப் பின்னாலிருந்து. அவளுக்குச் சுருக்கென்றது.

வாதம் அதற்கு மேல் வளரவில்லை. மெரூன் சட்டையின் சுருக்குக்குக் கீழேயிருந்து புகை ஒரு நூலாக இறங்கி, பிறகு மேலே எழும்பியது. உள்ளே பெரிய வண்டொன்று மாட்டிக்கொண்டதுபோல ர்ர்ர் என்று சத்தம். சபைக்காரர்கள் கையில் பிடித்த சோற்றோடு எழும்பி எதிர்ச் சுவரோரம் போனார்கள்.

“மெயின நூரு!” என்று கத்தினார் மீராசாஹிப்.

அஸீஸா ஓடிப்போய் மெயின் சுவிட்சை நூர்த்தாள். ஃபேன் நின்றது. பிரிஜ் மூச்சு விட்டு அடங்கியது. வீடே அமைதியானது. அந்த அமைதியில் வண்டின் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

“கரண்டே இல்ல, பொறகு என்னத்துக்கு இது கத்துது?” என்றார் ஒருவர்.

மீராசாஹிப் கம்பனிப் பொடியனின் சொல்லை நினைத்தார். நெருப்பு வந்தால் முதலில் இதை மூடு. ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது? அப்படியென்றால் போதாமல் மூடியிருக்கிறோம். “அஸீஸா, படங்க எடு! மூடோணும்!” என்றார். அவள் கருவாடு காயப்போடும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். இருவருமாகச் சேர்ந்து அதை வெல்வெட்டுக்கு மேல் போர்த்தினார்கள். புகை ஒரு கணம் யோசித்துவிட்டு எல்லாப் பக்கத்தாலும் வெளியே வந்தது.

அதற்குள் ஹமீட் ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீரோடு வெறுங்காலில் வந்துகொண்டிருந்தார்.

“பொறுங்க ஹாஜியார், பொடியனுக்கு ஒரு கோல் எடுக்கிறன்” என்று மீராசாஹிப் ஃபோனை எடுத்தார். நம்பரை ‘சோலர் மல்லி’ என்று போட்டு வைத்திருந்தார். அதைக் கண்ட அஸீஸா சோலரில் கொத்தமல்லி எங்கே வந்ததென்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அவருடைய ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். நாலு பேருக்குக் கேட்காத சிங்களத்தால் என்ன பிரயோசனம்?

பொடியன் எடுத்தான். மீராசாஹிப் தன்னிடமிருந்த மூன்று சொல்லையும் சேர்த்து, பெட்டி, புகை, சத்தம் என்று சிங்களத்தில் கத்தினார். மறுமுனை பதறியது.

“முதலாளி, வஹன்ன! இக்மனட்ட பொடி பெட்டிய வஹன்ன!” சீக்கிரம், சின்னப் பெட்டியை என்றான்.

“வெஹுவா மல்லி, வெஹுவா!” மூடியாச்சு தம்பி, மூடியாச்சு.

மறுமுனையில் குழப்பம். நூர்த்துவிட்டால் சத்தம் எப்படி வரும் என்று கேட்டான். மூடினால் சத்தம் ஏன் வரக் கூடாது என்று மீராசாஹிபுக்கு விளங்கவில்லை. எப்போது என்று கேட்டான். நீங்கள் போட்டுவிட்டுப் போன அன்றிலிருந்தே என்றார் மீராசாஹிப், கொஞ்சம் பெருமையோடு. போட்ட அன்றே நூர்த்து வைத்த சோலர் இத்தனை மாதமாக எப்படிக் கரண்ட் தந்தது என்று பொடியன் அங்கே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தயவுசெய்து இன்னொரு தடவை வஹன்ன என்று கெஞ்சினான்.

“இன்னொருக்கா மூடட்டாம்!” என்றார் மீராசாஹிப்.

“மூடினத்துக்கு மேல எத்துன தரம் மூடுற? செத்த மையத்துக்குக்கூட இவ்வளவு போத்துறல்லயே” என்றாள் அஸீஸா. தார்ப்பாயின் ஓரம் உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது.

ஹமீட் ஹாஜியார் படியில் காலை வைத்துவிட்டார். வாளியை வீச இரண்டு கையாலும் தூக்கினார். அந்த ஈரக் காலையும், தளும்பிய தண்ணீரையும், வண்டுபோல இரைந்த பெட்டியையும் மீராசாஹிப் ஒன்றாகப் பார்த்தார். என்ன செய்தால் சரியென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தனக்குத் தெரியவில்லை என்பது, கொழும்புச் சந்தைக்குப் போன நாளிலிருந்து முதன்முறையாக, அவருக்கு முழுசாகத் தெரிந்தது. இந்த ஹாஜியார் செத்தால் தன் சிங்களத்தால்தான் சாவார். ஃபோனின் ஸ்பீக்கரை நூர்க்கப் பார்த்தார். பொத்தான் அகப்படவில்லை. போகட்டும் என்று விட்டார்.

“யா அல்லாஹ், இந்தப் பொடியன் செல்றது எனக்கு ஒண்டும் வெளங்குதில்லயே” என்றார். ஸ்பீக்கரில், சபை முழுக்கக் கேட்க, பச்சைத் தமிழில்.

ஃபோன் ஒரு மூச்சு இழுத்தது.

“ஐயா” என்றது ஃபோன். “நீங்க தமிழா?”

“ஓம், தமிழ்தான்” என்றார் மீராசாஹிப்.

“நான் கிருஷாந், ஊர் உடப்பு. தமிழ் ஆள்தான். அத விடுங்க, பொறகு கதைப்பம். தண்ணி கிண்ணி ஊத்தீட்டீங்களா?”

“ஹாஜியார் வாளியோட நிக்கிறார்.”

“வாளியக் கீழ வைக்கச் சொல்லுங்க. ஒரு சொட்டு படக் கூடாது. அவர் படியவிட்டு எறங்கட்டும்.”

ஹமீட் ஹாஜியார் வாளியை வைத்தார். வாழ்நாளில் ஒரு ஃபோனுக்கு அவர் கீழ்ப்படிந்தது அப்போதுதான்.

“மெயின நூத்தாச்சு, இன்னும் கத்துது” என்றார் மீராசாஹிப்.

“கத்தும். மெயின நூத்தா ரோட்டுலேருந்து வாறதுதான் நிக்கும். கூரையில வெயில் படுமட்டும் மேலேருந்து வந்துகொண்டேதான் இருக்கும். அதுக்குத்தான் அந்தச் சின்னப் பெட்டி. அதுலேருந்து பொகை வருதா?”

“இல்ல. பெரிசுலதான்.”

“கை காஞ்சிருக்கா? செருப்பு போட்டிருக்கீங்களா?”

மீராசாஹிப் இறைச்சிக் குழம்புக் கையைச் சாரத்தில் தேய்த்துத் துடைத்தார். அஸீஸா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் தள்ளினாள்.

“அந்தக் கைப்பிடியப் புடிச்சுத் திருப்பி நூத்துப்போடுங்க. மூடுறதில்ல. நூக்கிறது. சின்னப் பெட்டியில சூடு தெரிஞ்சா, நெருப்பக் கண்டா, தொடாம எல்லாரும் வெளிய ஓடுங்க.”

மீராசாஹிப் வெல்வெட் தொப்பியை உருவி எறிந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைப்பிடியைத் திருப்பினார். டக் என்றது. வண்டு செத்தது.

அஸீஸா பாயில் உட்கார்ந்து அழுதாள். கிருஷாந் சொன்னபடி சபைக்காரர்கள் தேங்காய் பறிக்கிற காய்ந்த கொக்கத்தடியால் தார்ப்பாயையும் சட்டையையும் கொழுவி இழுத்து முற்றத்தில் போட்டு, மேலே மணலை அள்ளிக் கொட்டினார்கள். குறிஞ்சிப்பிட்டியில் மணலுக்கா பஞ்சம்? கூரையிலிருந்து வரும் வயரின் கிட்டவும் போக வேண்டாம், பொழுது பட நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஃபோனை வைத்தான்.

சொன்னபடி பொழுது சாய வந்தான். ஹமீட் ஹாஜியார் வீட்டுக்குப் போகவே இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டியது பாக்கி இருந்தது. கிருஷாந் கையுறை மாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்து, பெட்டியின் அடியில் வயர் பூட்டிய இடத்தைக் காட்டினான். உப்புப் பிடித்துப் பச்சையாகியிருந்தது. சூட்டில் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, ஈர வெல்வெட்டைக் கருக்கியிருக்கிறது. பெட்டியின் முகத்தில் எச்சரிக்கை ஒட்டுத்தாள் ஒன்று பாதி கரிந்து கிடந்தது. தீப்பிடித்தால் கைப்பிடியைத் திருப்பவும், நீர் ஊற்ற வேண்டாம், பெட்டியை மூட வேண்டாம் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. தமிழையும் சேர்த்துத்தான் மூடி வைத்திருந்தார்கள்.

“தம்பி, நீங்க ஏன் எனக்கிட்டத் தமிழ்ல கதைக்கல்ல?” என்றார் மீராசாஹிப்.

“நீங்கதானே நாநா சிங்களத்துல தொடங்கினீங்க. சிங்களத்துலயே கதைக்கிற ஊட்டாக்கள் போலண்டு நெனச்சன். மறிச்சுத் தமிழ்ல பேசினா மரியாத இல்லையேண்டு விட்டுட்டன்.” கிருஷாந் கொஞ்சம் தயங்கினான். “உண்மையச் சொன்னா, நீங்க பேசினதுல பாதி எனக்கும் வெளங்கல்ல. பெரியாக்கள் பேசுற உயர்ந்த சிங்களமாக்கும், நமக்கு எட்டாதுண்டு தலைய ஆட்டிக்கொண்டு நிண்டன்.”

ஹமீட் ஹாஜியாருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு அது இருமல் இல்லையென்று எல்லாருக்கும் தெரிந்தது. மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மீராசாஹிபுக்கு முகம் சுட்டது. ஓடி ஒளிய வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த மனிதர் சிரிக்க உயிரோடு நிற்கிறாரே என்று இன்னொரு பக்கம் நெஞ்சு நிறைந்தது.

கிருஷாந் மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். துணி போடக் கூடாது. உப்புக் காற்று ஊர் என்றபடியால் படித்த ஆளொருவரை வைத்து வயர் பூட்டுகளை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். லைன் போனால் பெட்டி நிற்பது போஸ்டில் ஏறுகிறவனுடைய உயிருக்காக. அதைக் கேட்டபோது சபைக்காரர்கள் மீராசாஹிபைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு கொடுப்பதாக அவர் சொன்னது அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

“ஹாஜியார்” என்றார் மீராசாஹிப். “பள்ளி வேலைக்கு வேற ஆளப் பாருங்க. ஏன்ட சிங்களம் மீன் பெட்டியோட முடிஞ்சிது.”

ஹமீட் ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வஹன்னண்டா மூடுறதுதான் என்டு நானும்தான் நெனச்சீந்தன். நானெண்டா பள்ளிப் பெட்டிக்குப் பச்சையில சட்ட தெக்கச் செல்லீப்பன். நீங்களே நில்லுங்க மீராசாஹிப். நானும் பக்கத்துல நிக்கிறன். ஒரு சொல் வெளங்காட்டி ரெண்டு பேருமாச் சேந்து கேப்பம், வெக்கம் பாதிப் பாதியாப் போகும்.”

கிருஷாந் தேத்தண்ணி குடித்துவிட்டு, பெட்டியை நூர்த்தபடியே விட்டு, புதுச் சாமானோடு வருவதாகச் சொல்லிப் போனான். சபைக்காரர்களும் போனார்கள். நாளை விடியுமுன் இந்தக் கதை கற்பிட்டிவரை போய்விடும் என்று மீராசாஹிபுக்குத் தெரியும். வெறும் கருவாட்டுக்காரராகப் பாயில் உட்கார்ந்து, மிஞ்சிய நெய்ச்சோற்றை ஆறியபடியே சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.

அஸீஸா முற்றத்து மணலைக் கிளறி, கரிந்த வெல்வெட்டை எடுத்து உதறிப் பார்த்தாள்.

“கொஞ்சத் துணி நல்லா ஈக்கி” என்றாள். “உங்கட வாய்க்கொரு சட்ட தெக்கட்டா?”

மீராசாஹிப் பழக்க தோஷத்தில் “ஹரி ஹரி” என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு சோற்றை விழுங்கிவிட்டு, “ஓம், தெய்” என்றார்.